கேள்விக்குறிகளைச் சேமித்த பதினான்கு மாதங்கள்

2022 ஏப்ரல் மாதத்தின் முதல் வாரம். கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தபடி, மின்சாரம் போவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று மடிகணினியில் ஒரு கோப்பைத் திறந்தேன். ஊர் இணையத்தளம் ஒன்றின் தரவுத்தளக் காப்புப்பிரதி அது. எட்டு நாள் பழையது. எட்டு நாள் பதிவுகள்தானே போகும், அவற்றைத் திரும்ப எழுதிவிடலாம் என்ற நினைப்பில் இருந்தேன். கோப்பு திறந்தது. திகதிகள் இருந்தன. படங்களின் பெயர்கள் இருந்தன. தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் இப்படி இருந்தது:

??? ?????????? ???????

கீழே உருட்டினேன். பக்கம் பக்கமாக அதுவே. முந்தைய நாளின் பிரதியைத் திறந்தேன், அதற்கு முந்தைய வாரத்தையும் முந்தைய மாதத்தையும் திறந்தேன். எல்லாம் கேள்விக்குறிகள். ஒவ்வொரு இரவும் ஒரு மணிக்குத் தவறாமல் ஓடி, "வெற்றி" என்று எனக்கு மின்னஞ்சல் அனுப்பிய கட்டளை பதினான்கு மாதமாகச் சேமித்து வைத்தது இவற்றைத்தான்.

அந்தத் தளம் வடமராட்சியில் உள்ள ஒரு கிராமத்தினுடையது. கோயில் திருவிழாப் படங்கள், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி முடிவுகள், கேணி தூர்வாரிய கணக்கு என்று பலதும் அதில் உண்டு. ஆனால் அதை உயிரோடு வைத்திருப்பது மரண அறிவித்தல்கள். ரொறன்ரோவிலும் பாரிசிலும் ஒஸ்லோவிலும் இருக்கும் ஊரவர்கள் காலையில் எழுந்ததும் பார்ப்பது அதைத்தான். ஊரில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், நாங்கள் ஐயா என்று அழைப்பவர், ஒவ்வோர் அறிவித்தலையும் தாமே தட்டச்சு செய்து ஏற்றுவார். இறந்தவரின் பிறந்த இடம், வாழ்ந்த இடம், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், எந்த மயானம், எத்தனை மணி என்று ஒன்றும் விடமாட்டார். ஒரு கிராமத்தின் உறவுமுறை முழுவதும் அந்தத் தரவுத்தளத்தில் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை. அதைக் காக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது.

முதலில் சேர்வர் போன கதை. சிங்கப்பூரில் இருந்த ஒரு சிறிய மெய்நிகர் சேர்வர், மாதம் 12 டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயை ஒட்டி இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. விலை ஏறியதை விடப் பெரிய சிக்கல், எனது வங்கி அட்டை வெளிநாட்டுக் கொடுப்பனவை மறுக்கத் தொடங்கியதுதான். கட்டணம் கிடைக்கவில்லை என்று நிறுவனம் அனுப்பிய எச்சரிக்கைகள், நான் அரிதாகத் திறக்கும் ஒரு மின்னஞ்சல் பெட்டிக்குப் போயின. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நீண்டது. மின்சாரம் வந்தால் தொலைபேசிக்கு மின்னேற்றுவதா, கிணற்று மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் நிரப்புவதா என்ற நிலை. தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலத்தை அப்பா அந்த நாட்களில் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்த மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தபோது கணக்கு முடக்கப்பட்டு, சேர்வரும் அழிக்கப்பட்டிருந்தது. அவர்களின் விதிகளில் அது தெளிவாக எழுதப்பட்டிருந்தது, வாசிக்காதது நான்.

அன்றும் நான் பதறவில்லை. படங்கள் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் தினமும் வீட்டு வட்டுக்கு வந்துகொண்டிருந்தன. தரவுத்தளப் பிரதியும் வந்துகொண்டிருந்தது. அந்த நம்பிக்கையோடுதான் கோப்பைத் திறந்தேன்.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் பிடித்தது. பழைய அமைப்புக் கோப்புகளின் பிரதி ஒன்றில், மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் வாடிக்கையாளர் பகுதிக்குக் கீழே ஒற்றை வரி: இயல்பான எழுத்துத் தொகுதி லத்தீன்1, அதாவது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய தொகுதி. எழுதியது நான்தான். 2021 பெப்ரவரியில் வேறொரு பழைய தளத்தை அதே சேர்வருக்கு மாற்றினேன். அந்தத் தளத்தின் அட்டவணைகள் லத்தீன்1 என்று அறிவிக்கப்பட்டிருக்க, உள்ளே யுனிகோட் தமிழ் திணிக்கப்பட்டிருந்தது. இப்படிப்பட்ட தரவை லத்தீன்1 ஆகவே வெளியே எடுத்து, கோப்பின் தலைப்பிலும் அட்டவணை அறிவிப்புகளிலும் யுடிஎஃப்8எம்பி4 (யுனிகோட்டைச் சேமிக்கும் முறை) என்று திருத்தி உள்ளே ஏற்றினால் தமிழ் சரியாக வந்துவிடும். பலரும் கையாளும் வழி. அந்த வேலைக்காகப் போட்ட வரியை, வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிட்டேன்.

பிரதி எடுக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப் கட்டளையும் அந்த வரியைப் படிக்கும். படித்ததும், சரியான யுனிகோட்டில் இருக்கும் ஊர்த் தளத்தின் தரவையும் லத்தீன்1க்கு மாற்றித் தரும்படி சேர்வரிடம் கேட்கும். லத்தீன்1இல் தமிழுக்கு இடமில்லை. இடமில்லாத ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு கேள்விக்குறி போடப்படும். பிழைச்செய்தி வராது. ஊர்த் தளத்தை இயக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருள் தரவுத்தளத்தோடு பேசும்போது தனது எழுத்துத் தொகுதியைத் தானே சொல்லிவிடும், ஆகவே இணையத்தளத்தில் தமிழ் ஒரு குறையும் இல்லாமல் தெரிந்தது. கெட்டது பிரதி மட்டுமே. காப்புப்பிரதியை எடுக்கும் கட்டளையிலேயே எழுத்துத் தொகுதியை வெளிப்படையாக எழுதுங்கள் என்று தமிழில் தளம் நடத்தும் எல்லோரிடமும் நான் கேட்பது இதனால்தான். அமைப்புக் கோப்பில் யார் எப்போது என்ன எழுதினார்கள் என்பதற்கு உங்கள் தரவைப் பணயம் வைக்காதீர்கள்.

கண்ணுக்கு முன்னால் இருந்த ஓர் அறிகுறியை நான் பார்க்கத் தவறியதுதான் இன்றுவரை உறுத்துகிறது. யுடிஎஃப்8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். கேள்விக்குறி ஒரு பைட். தமிழ் குறைந்தது மூன்றில் ஒன்றாகச் சுருங்க வேண்டும், சுருங்கியும் இருந்தது. கட்டளை அனுப்பிய பழைய மின்னஞ்சல்களில் இருந்த கோப்பு அளவுகளை வரிசைப்படுத்திப் பார்த்தேன். ஒரு வியாழக்கிழமை வரை சுருக்கப்பட்ட பிரதி 9 மெகாபைட்டுக்குக் கொஞ்சம் மேல். வெள்ளிக்கிழமை 3. அந்தப் பட்டியலை ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்திருந்தால் போதும். இன்று யாராவது புதிய தளத்தை என்னிடம் ஒப்படைத்தால், முதலில் அவர்களுடைய பிரதிக் கோப்புகளின் அளவுகளைத்தான் பார்க்கிறேன். காரணமில்லாமல் மெலியும் பிரதி ஏதோ ஒன்றை இழந்துகொண்டிருக்கிறது.

மானிப்பாயில் இருக்கும் நண்பனிடம் ஒரு வெளி வட்டு கொடுத்து வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. பெட்ரோலுக்கு வரிசை இருந்த காலம், சைக்கிளில் போனேன். அவன் வீட்டில் மின்சாரம் இல்லை. வட்டை எனது மடிகணினியில் செருகி, மின்கலத்தில் மிச்சமிருந்த பதினெட்டு வீதத்தில் திறந்து பார்த்தோம். 2021 ஜனவரிப் பிரதி ஒன்று இருந்தது. தமிழ். முழுவதும் தமிழ். அவன் குசினிக்குள் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தான். 2009 முதல் அதுவரைக்குமான அத்தனை பதிவுகளும் தப்பிவிட்டன. இழந்தது அதன் பிறகு வந்த 236 பதிவுகள். அந்தக் காலம் கொரோனாக் காலம் என்பதை வாசிப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். இறுதிச் சடங்குக்கு யாரும் போக முடியாமல், அறிவித்தலை மட்டும் பார்த்துத் தொலைவில் இருந்து அழுத காலம்.

ஐயாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தம்பி, என்ன மிஞ்சியிருக்கிறது என்று முதலில் பாரும்" என்றார்.

பார்த்தேன். இடைவெளிகள் அப்படியே மிஞ்சியிருந்தன. மூன்று குறி, பத்துக் குறி, ஏழு குறி. மரண என்பதற்கு மூன்று குறியீடுகள். அறிவித்தல் என்பதற்குப் புள்ளியையும் இகர விசிறியையும் தனித்தனியாக எண்ணினால் பத்து. திருமதி என்பதற்கு ஏழு. மேலே நான் காட்டிய வரி "மரண அறிவித்தல் திருமதி" என்பதுதான். தலைப்பின் அச்சு அங்கே இருந்தது, எழுத்துத்தான் இல்லை.

மூன்றாம் நாள் இரவு, அட்டவணையின் மற்றப் பத்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது ஒரு பத்தியில் கேள்விக்குறியே இல்லை. சதவீதக் குறிகளும் எண்களும் ஆங்கில எழுத்துகளும் நீளமாகப் பின்னிக் கிடந்தன. பதிவின் இணைய முகவரிக்காக வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து ஆக்கிக்கொள்ளும் துண்டு அது. தமிழை அது தமிழாக வைப்பதில்லை. ஒவ்வொரு பைட்டையும் சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக மாற்றி வைக்கிறது. அந்த எழுத்துகளுக்கு லத்தீன்1இல் இடம் உண்டு. ஆகவே அவை சிதையவில்லை. அதைத் திரும்பத் தமிழாக்க, பிஎச்பி நிரல்மொழியில் ஒரு வரி எழுதி ஓடவிட்டேன். திரையில் "மரண-அறிவித்தல்-திரு" என்று வந்தபோது கையில் இருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆனால் எல்லாத் தலைப்பும் பாதியில் அறுந்திருந்தன. ஏன் என்று வேர்ட்பிரஸின் மூல நிரலைத் திறந்து தேடினேன். முகவரித் துண்டுக்கு 200 என்ற எல்லை அங்கே எழுதப்பட்டிருக்கிறது. ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு ஒன்பது இடம் வேண்டும். ஆக 22 குறியீடுகளுக்கு மேல் கொள்ளாது. "மரண அறிவித்தல்" என்பதே அதில் பதின்மூன்றைத் தின்றுவிடும். "திரு" என்று தொடங்கினால் பெயரில் நான்கு குறியீடுகள் மிஞ்சும். "திருமதி" என்று தொடங்கினால் ஒன்றே ஒன்று. பெண்களின் பெயர்கள் முதல் எழுத்தோடு நின்றுபோயிருந்தன.

மூல நிரலை யாரும் திறந்து பார்க்கக்கூடிய கட்டற்ற மென்பொருளைப் பற்றி எவ்வளவோ சொல்லலாம். எனக்கு அதன் பெறுமதி அன்றிரவு விளங்கியது. யாரிடமும் அனுமதி கேட்காமல், யாருடைய பதிலுக்கும் காத்திருக்காமல், கொக்குவிலில் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் இருந்துகொண்டு அந்த நிரலைத் திறந்து, எந்த வரியில் எனது தரவு அறுந்தது, எவ்வளவு அறுந்தது என்று எண்ணிப் பார்க்க முடிந்தது. மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் ஊகித்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

மிச்சத்தை மனிதர்கள்தான் மீட்டார்கள். பல அறிவித்தல்களில் குடும்பத்தார் அனுப்பிய அச்சட்டையின் படமும் ஏற்றப்பட்டிருந்தது. படங்கள் பத்திரமாக இருந்தன. அவற்றை டெசராக்ட் என்ற கட்டற்ற எழுத்துணரியில் கொடுத்தேன். தமிழை அது ஓரளவு நன்றாகவே வாசிக்கிறது. அலங்கார எழுத்துருக்களில் தடுமாறும், ண-ன மயங்கும். எங்கள் ஒழுங்கையில் இருக்கும், முன்பு ஓர் அலுவலகத்தில் தட்டச்சாளராக இருந்த அக்கா ஒருவர் உட்கார்ந்து திருத்தித் தந்தார். படம் இல்லாத பதிவுகளுக்கு ஐயா வேறொரு வழி சொன்னார். ஊரவர்களின் வட்ஸ்அப் குழுக்களில் பதிவின் இணைப்பைப் போட்டிருப்பார்கள். இணைப்போடு தலைப்பும் முழுதாகத் தெரியும். ஒஸ்லோவில் இருந்து ஒருவர் பதினான்கு மாத உரையாடலை மேலே உருட்டி, தொண்ணூறு திரைப்படிகள் அனுப்பினார். பழைய இணையப் பக்கங்களைப் பாதுகாக்கும் இணைய ஆவணகத்தின் வேபேக் சேமிப்பிலும் சில பக்கங்கள் கிடைத்தன.

மீட்ட ஒவ்வொரு தலைப்பையும் கேள்விக்குறிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டோம். எண் பொருந்தினால்தான் ஏற்றுவது என்று வைத்துக்கொண்டோம். ஓரிடத்தில் கணக்கு இடித்தது. கொக்குவில் என்பதற்குப் பத்துக் குறிகள் வர வேண்டும், பிரதியில் பதினொன்று இருந்தன. கொடிகாமத்துக்கும் அப்படியே ஒன்று கூடியது. ஒரு பின்னேரம் முழுவதும் மண்டையைக் குழப்பிய பிறகுதான் தெரிந்தது. யுனிகோட்டில் கொ என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: ஒகரக் குறியை ஒரே குறியீடாகப் போடலாம், அல்லது முன்னால் நிற்கும் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனிக் குறியீடாகப் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. ஐயா நெடுங்காலம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துப் பழகியவர். அவர் பயன்படுத்திய விசைப்பலகை அமைப்பு கொம்பையும் காலையும் பிரித்தே பதிந்திருந்தது. தளத்தின் தேடலில் "கொக்குவில்" என்று தேடினால் சில பதிவுகள் வருவதில்லை என்று முன்பு ஒருவர் முறையிட்டதும், நான் அதைப் பொருட்படுத்தாமல் விட்டதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. இப்போது தளத்துக்குள் நுழையும் எந்தத் தமிழையும் பிஎச்பியில் உள்ள இயல்பாக்கிக்குக் கொடுத்து ஒரே வடிவமாக்கிய பிறகே சேமிக்கிறேன். தமிழில் தேடல், வரிசைப்படுத்தல், பெயர் ஒப்பிடல் என்று எதைச் செய்பவரும் முதல் நாளிலேயே செய்ய வேண்டிய வேலை இது.

இப்போதைய ஒழுங்கு இப்படி. இரவில் பிரதி எடுத்ததும் அதற்குள் "அறிவித்தல்" என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று ஒரு சிறு நிரல் எண்ணும். நேற்றையதை விடக் குறைந்தாலோ, கோப்பின் அளவு பத்து வீதத்துக்கு மேல் சரிந்தாலோ எனக்கும் நண்பனுக்கும் செய்தி வரும். பிறகு ரெஸ்டிக் என்ற கட்டற்ற கருவி அதைப் பூட்டி, மானிப்பாயில் ஒரு பழைய கணினிக்கும் ரொறன்ரோவில் ஓர் ஊரவர் வீட்டுக்கும் அனுப்பும். அதன் கடவுச்சொல் தாளில் எழுதப்பட்டு ஐயாவின் அலுமாரியில் இருக்கிறது. நான் நாளைக்கு இல்லாவிட்டாலும் திறக்க முடிய வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு, பிரதியை வீட்டில் உள்ள பழைய மடிகணினியில் முழுவதுமாக ஏற்றி, முதல் ஆண்டில் ஒன்று, நடுவில் ஒன்று, போன வாரத்தில் ஒன்று என மூன்று பதிவுகளைக் கண்ணால் வாசிக்கிறேன். முதல் தடவை நான்கு மணி நேரம் எடுத்தது. இப்போது முக்கால் மணி நேரம். சேர்வர் கட்டணம் ஓராண்டுக்கு முன்கூட்டியே கட்டப்படுகிறது, நிறுவனத்தின் கடிதங்கள் மூன்று பேருக்குப் போகின்றன.

வேறு இரண்டு அனுபவங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இரண்டும் எங்கள் பக்கத்தில் அடிக்கடி நடக்கக்கூடியவை. தொலைபேசி இணைப்பை வைத்துக்கொண்டு சேர்வரில் மென்பொருள் பொதிகளைப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். நடுவில் மின்சாரம் போய், கோபுரத்தின் அலைவரிசையும் போனது. இணைப்பு அறுந்ததும் சேர்வரில் ஓடிய வேலையும் அறுந்து, பொதிகள் பாதி நிறுவப்பட்ட நிலையில் நின்றன. பொதிகளை நிறுவும் டிபிகேஜியிடம் மிச்சத்தை முடிக்கச் சொல்லும் கட்டளை கைகொடுத்தது. அன்று முதல் சேர்வருக்குள் நுழைந்ததும் முதல் வேலை டிமக்ஸைத் திறப்பது. இணைப்பு போனாலும் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். திரும்ப நுழைந்து விட்ட இடத்தில் தொடரலாம். நல்ல இணைப்பு உள்ள நாட்டில் அது வசதி, யாழ்ப்பாணத்தில் அத்தியாவசியம்.

மற்றது, ஒரு கடையின் தளம். வட்டில் இடமில்லை என்று பிழை. பார்த்தால் பாதி வட்டு வெறுமை. வட்டின் இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையை ஐ என்ற தெரிவோடு ஓட்டியபோதுதான் விடை கிடைத்தது: ஐநோடுகள், அதாவது ஒரு கோப்புக்கு ஒன்றாக வட்டு ஒதுக்கி வைக்கும் பதிவிடங்கள், தீர்ந்துவிட்டன. எக்ஸ்ட்4 முறையில் அமைத்த வட்டில் எத்தனை கோப்புகள் இருக்கலாம் என்பது வட்டை வடிவமைக்கும்போதே முடிவாகிவிடும். வழமையான அமைப்பில் 20 ஜிகாபைட்டுக்குச் சுமார் 13 இலட்சம். அந்தத் தளத்தின் அமர்வுக் கோப்புகளுக்கு (வருகையாளர் ஒவ்வொருவருக்கும் உருவாகும் தற்காலிகக் கோப்புகள்) நான் தனி அடைவு ஒன்றைக் கொடுத்திருந்தேன். சேர்வரின் இயங்குதளமான உபுண்டுவின் வழமையான துப்புரவு அங்கே எட்டவில்லை. குட்டிக் கோப்புகள் இலட்சக்கணக்கில் குவிந்திருந்தன. கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கட்டளைக்கு நட்சத்திரக் குறி கொடுத்தால் பட்டியல் மிக நீளம் என்று மறுத்துவிடும். கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளையின் அழிக்கும் தெரிவுதான் சரியான வழி.

ஊர்த் தளத்தில் 236இல் 227 பதிவுகள் மீண்டுவிட்டன. மிச்சம் ஒன்பதையும் நான் அழிக்கவில்லை. திகதியோடும் கேள்விக்குறிகளோடும் அப்படியே தளத்தில் விட்டு, தெரிந்தவர்கள் எழுதும்படி கீழே ஒரு வரி சேர்த்தேன். போன மாதம் ரொறன்ரோவில் இருந்து ஒரு பெண் எழுதினார். 2021 ஆகஸ்ட் திகதியில் இருக்கும் அந்தப் பதிவு தன் தாயினுடையது என்று சொல்லி, முழுப் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் அனுப்பியிருந்தார். பெயரை எடுத்து, புள்ளியையும் விசிறியையும் கொம்பையும் காலையும் தனித்தனியாக எண்ணினேன். பத்தொன்பது. பிரதியைத் திறந்து கேள்விக்குறிகளை எண்ணினேன். பத்தொன்பது.